காயாத துண்டு

ஞாயிற்றுக்கிழமை கொடியில் போட்ட துண்டு புதன்கிழமையும் காயவில்லை. வேங்கிக்கால் வீட்டு மொட்டைமாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத வெயில். பக்கத்து வீட்டு ஜீன்ஸ்கூட விறைத்துத் தொங்கியது. அன்புச்செல்வி துண்டைப் பிழிந்தாள். பழுப்பு நீர் முழங்கை வரை வழிந்தது. பாசியும், சிக்குப் பிடித்த எண்ணெயும், யார் யாரோ தேய்த்துக் குளித்த ஷாம்பூவும் கலந்த வாடை. விரலில் ஒரு முடி சுற்றியிருந்தது. நரைமுடி. அவர்கள் வீட்டில் யாருக்கும் நரையில்லை.

அந்த வாடை அவளுக்குத் தெரியும். கோடை மழையில் ஜவ்வாது மலை அருவி நிறைந்துவிட்டதென்று ஞாயிறு காலை கணவன் வல்லரசு அவளையும் மகள் கவியாவையும் அழைத்துப் போயிருந்தான். சாலை வளைவிலிருந்து பார்த்தபோது, பாறையில் வெள்ளை வேட்டியை உலர்த்தியது போல அழகாகத்தான் இருந்தது. கிட்டே போனதும் தடாகத்தின் ஓரம் தெரிந்தது. புடவைகள், லுங்கிகள், குழந்தைச் சட்டைகள். ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, வழவழப்பாக, மூச்சு விடுவது போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"குளிச்சிட்டு கட்டின துணிய இங்கயே உட்டுட்டுப் போறாங்க," என்றான் வல்லரசு. "பீடையும் அதோட போயிடும்னு."

"எங்கங்க போவுது? இங்கதான கெடக்குது."

"சயின்ஸ் டீச்சர்கிட்ட வாயக் குடுத்தேன் பாரு."

அவன் சிரித்து முடிக்கவில்லை. கவியா வழுக்கி அந்தத் துணிகளுக்குள் விழுந்தாள். மஞ்சள் கவுன் ஒரு கணம் தெரிந்தது. பிறகு இல்லை. அன்புச்செல்வி இடுப்பளவு நீரில் இறங்கிக் கையை விட்டாள். சளி போல ஏதோ விரலிடுக்கில் பிதுங்கியது. அருவருப்பில் கண்களை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டு துழாவினாள். ஒரு சின்ன மணிக்கட்டு அகப்பட்டது. இழுத்தாள். இதே துண்டில்தான் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். குழந்தையின் உடம்பில் கவுன் இல்லை. தண்ணீர் உருவிக்கொண்டது என்றான் வல்லரசு. குழந்தை அழவில்லை. இருமவும் இல்லை.

பயம் தெளியட்டும் என்று வாட்ச் டவரில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

அன்றிலிருந்து கவியா பேசவில்லை. ஓயாமல் கேள்வி கேட்கும் பிள்ளை. "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள பேசிடுவா, அப்புறம் நீயே நிறுத்தச் சொல்லுவ," என்று சொல்லிவிட்டு இன்று காலையும் வல்லரசு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

அன்புச்செல்வி கீழே வந்தாள். கூடத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதனடியில் கவியா. பாய் நனைந்திருந்தது. குழந்தையின் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன, இப்போதுதான் குளித்து ஏறியது போல. இன்னொரு துண்டை எடுத்துக் கையைத் துடைத்தாள். தோல் பாலாடை போலத் திரைந்து துண்டோடு நகர்ந்தது. அடியில் இன்னொரு தோல். கறுப்பாக. அதன் அடியில் இன்னொன்று. சுருக்கம் விழுந்த கிழத்தோல்.

வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். வல்லரசுக்குச் சொல்ல ஃபோனை எடுத்தாள். அவன் அனுப்பிய படங்கள் அப்படியே கிடந்தன. அந்த இடத்தை மறுபடி பார்க்கப் பிடிக்காமல் அவள் திறக்கவேயில்லை.

டவர் படம். வல்லரசு சிரிக்கிறான். அவளும். அவள் தோளிலிருந்த குழந்தை கேமராவைப் பார்க்கவில்லை. திரும்பி, கீழே தடாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படத்தைப் பெரிதாக்கினாள்.

துணிக் குவியல். அதில் மஞ்சள். மஞ்சளிலிருந்து நீண்ட ஒரு சின்னக் கை. டவரைப் பார்த்து அண்ணாந்த முகம். திறந்த வாய்.

ஃபோன் கையிலிருந்து நழுவியது.

பின்னால் சொட்டும் சத்தம். அந்த வாடை.

"தொடச்சி உடும்மா."

கவியாவின் குரல்தான்.

அன்புச்செல்வி திரும்பவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஈரமான சின்ன விரல்கள் அவள் முதுகில் ஊர்ந்தன. தோள். முழங்கை. துழாவி, துழாவி, அவள் மணிக்கட்டைக் கண்டுபிடித்தன.

இழுத்தன.