மேற்படி

பேருந்து அவர்களை மலை விடுதியின் வாசலில் இறக்கிவிட்டபோது மதியம் மூன்று மணிதான். ஆனாலும் எதிரில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குப் பனி. கணவன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டான். கீழே நகரத்தில் ஒரு மாதமாக ஊரடங்கு, சைரன், எரிந்த டயர் நாற்றம். இங்கே மரமும் ஈரமும்தான். நான்கு நாள் இருந்தால் மனைவி இரண்டு வாயாவது சாப்பிடுவாள் என்று நினைத்தான்.

மூன்று வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்வலத்துக்குப் போன அவள் தம்பி வீடு திரும்பவில்லை.

அவன் எங்கே இருக்கிறான் என்று கணவனுக்குத் தெரியும், கண்ணுகளா. துணிப்பெட்டியோடு அதையும் சேர்த்துத்தான் மலைமேல் சுமந்து வந்திருந்தான்.

பெரிய மருத்துவமனையில் அவன் எழுத்தர். இறந்தவர்களைப் பதிவேட்டில் ஏற்றுகிற வேலை. துப்பாக்கிச் சூடு நடந்த அன்று முப்பத்தேழு பேரைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார்கள். காரணம் 'காய்ச்சல்' என்று எழுதும்படி மேலிடத்து உத்தரவு. முதல் வரியில் எழுதினான். அதற்குக் கீழே மேற்படி, மேற்படி, மேற்படி. மூடியிருந்த துணியை ஒருமுறைகூட விலக்கிப் பார்க்கவில்லை. எல்லோரையும் புதைத்த பிறகுதான், அவர்கள் பொருள்களை வரிசை எண் போட்டுக் கட்டி வைத்த பைகளில் ஒன்றில் அந்தக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மனைவி தன் தம்பிக்கு ஆசையாய் வாங்கிக் கொடுத்தது.

பதினொன்றாவது மேற்படி.

விடுதிக்காரர் தடித்த பதிவேட்டை நகர்த்தினார். "பேரு, வந்த காரணம், கையெழுத்து. முன்னாடி வந்தவங்க 'ஓய்வு'ன்னு போட்டிருக்காங்க பாருங்க. நீங்க கீழ மேற்படி போட்டாப் போதும் சார்."

பேனா வியர்வையில் வழுக்கியது.

"குடுங்க இப்படி." மனைவி வாங்கி எழுதினாள். "ஆபீஸ்ல நாள் பூரா எழுதுற கை, இங்க வந்ததும் லீவு கேக்குது."

மூன்று வாரத்தில் அவள் சொன்ன முதல் கிண்டல். அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மாடி அறையில் மூன்று கட்டில்கள். இரண்டு, தொட்டால் விரல் விறைக்கும் குளிர்ச்சி. ஜன்னலோரத்து மூன்றாவதில் கை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"இது மட்டும் சுடுதுங்க."

"வெயில் பட்டிருக்கும்."

"எந்த வெயில்?"

அவனும் தொட்டான். மெத்தையின் நடுவில் ஓர் ஆள் படுத்த அளவுக்கு ஈரம். ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. கையை எடுத்தபோது பிசின் போல உள்ளங்கையோடு நூலிழுத்து வந்தது. புளித்த வியர்வை, குழந்தை கக்கிய பால், அதற்கும் அடியில் பிணவறைத் தரையைக் கழுவும் மருந்தின் வாடை. மூன்று முறை சோப்புப் போட்டான். சோப்பே கொழகொழவென்று விரலில் ஒட்டியது. இரவுச் சாப்பாட்டில் முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோனான். நகக்கண்ணிலிருந்து அதே வாடை. தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துகொண்டான்.

காலையில் தேநீர் வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்தான். மனைவி மூன்றாவது கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, ஈரத்துணியைப் பிழிந்து தலையணை மேல் போட்டுக்கொண்டிருந்தாள்.

துணியிலிருந்து ஆவி எழுந்தது.

தலையணை நடுவில் ஒரு பள்ளம்.

"என்ன பண்றே?"

"மெல்லப் பேசுங்க. இப்பதான் கண்ணசந்தான்."

பள்ளம் அவன் பக்கமாகத் திரும்பியது.

"மாமா..." உலர்ந்த தொண்டை. "காய்ச்சல் இறங்கவே மாட்டேங்குது."

தேநீர் காலில் கொட்டியது. குமட்டிக்கொண்டு வந்தது. மெத்தையைப் பார்த்தல்ல, நாற்றத்தால் அல்ல. தன் வலது கையைப் பார்த்துத்தான். அந்தக் கை உடம்போடு ஒட்டியிருப்பதே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"காய்ச்சல் இல்ல," என்றான். "அவனைச் சுட்டுட்டாங்க. நான்தான் காய்ச்சல்னு எழுதினேன். முகத்தைக்கூடப் பாக்கல."

கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. தலையணைப் பள்ளம் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. துணியில் ஆவி நின்றது. நெஞ்சு இருந்திருக்க வேண்டிய இடத்தில், விரிப்பில் காசளவு ஒரு துளை.

அவள் அதைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது.

அழவில்லை. அவன் நீட்டிய கையைப் பார்த்தாள். மலத்தை மிதித்தவள் போல ஓரடி விலகினாள்.

"பெட்டியை எடுங்க. அவனை எங்க புதைச்சீங்கன்னு வந்து காட்டுங்க."

கீழே பதிவேடு திறந்தே கிடந்தது. அவள் எழுதிய வரிக்குக் கீழே, அவனுடைய உருண்டைக் கையெழுத்தில், பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்கும் ஓடியிருந்தது மை காயாத மேற்படி. அவள் விரல் வைத்து எண்ணினாள்.

முப்பத்தாறு.

விடுதிக்காரர் மூக்கைப் பொத்தியபடி மாடியிலிருந்து இறங்கி வந்தார். உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்களை விட்டா மேல ஒருத்தரும் தங்கலை... எல்லா ரூம்லயும் மெத்தை ஏன் சார் கொதிக்குது?"