இருபத்துமூன்றாம் மிதவை

கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறிய நீர் வடியத் தொடங்கியதும், மிதவைகளில் கட்டிய படகுகளெல்லாம் ஆறு வரும் திசைக்கு மூக்கைத் திருப்பிக்கொள்ளும். அன்று அந்தி சாயும் நேரத்தில் நாற்பது படகுகள் அப்படித்தான் திரும்பின. இருபத்துமூன்றாம் மிதவையில் நின்ற படகு மட்டும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தது.

தோணியிலிருந்து அதைக் கவனித்த பெண்ணின் குடும்பம் குடியிருக்கும் படகு அது. உள்ளே அவளுடைய எட்டு வயதுத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் பதினாறு. படகுகளுக்கு இடம் ஒதுக்கி, சங்கிலிகளைப் பராமரிப்பது அம்மாவின் வேலை. மாலையில் தோணியில் ஒரு சுற்று வந்து பார்ப்பது இவள் பங்கு. பாதுகாக்கப்பட்ட ஆறு. அடியில் வளரும் புல்லைக் கிளறக்கூடாது என்பதால் புதிய நங்கூரக்கல் இறக்கத் தடை. அதனால் போன வாரம், சேற்றில் கிடந்த ஏதோவொரு பழைய சங்கிலியின் நுனியை அம்மா கொக்கிபோட்டுத் தூக்கி, அதிலேயே இருபத்துமூன்றாம் மிதவையைப் பூட்டிவிட்டாள். மறுமுனை எதில் மாட்டியிருக்கிறது என்று இவள் கேட்டதற்கு, உன் கல்யாணத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று சிரித்தாள்.

படகு திரும்பாததை அவள் கைபேசியில் சொன்னதும், கரையில் அலுவலக வாசலுக்கு வந்து பார்த்த அம்மாவின் பேச்சில் இப்போது சிரிப்பு இல்லை.

"நீ கரைக்கு வந்துடுடீ. நான் போறேன்."

"நீ வர்றதுக்குள்ள இருட்டிடும். தம்பியை நானே கூட்டிட்டு வரேன்."

படகை நோக்கித் துடுப்பு போடப் போட, துருவும் அழுகிய புல்லும் கலந்த வாடை தொண்டையில் படிந்தது. நீருக்கடியிலிருந்து, இரும்பு இரும்போடு உரசும் மெல்லிய சத்தம், யாரோ நிதானமாகப் பல்லைக் கடிப்பதுபோல, அவள் வேகத்துக்கு ஈடாகக் கூடவே வந்தது.

தம்பி விழித்திருந்தான். தரைப்பலகையில் காதை வைத்துக் குப்புறப் படுத்திருந்தான்.

"அக்கா, கீழேருந்து தட்டுறாங்க. நானும் திருப்பித் தட்டினேன்."

"வேற ஆளைப் பாக்கச் சொல்லு. எழுந்திரு."

அவனைத் தூக்கித் தோணியில் உட்காரவைத்தாள். அப்படியே போயிருக்கலாம். ஆனால் கோபம் வந்தது. வீட்டை எதற்கு விட வேண்டும்? படகின் முன்பக்கத்திலிருந்து இன்னொரு கயிற்றைப் பக்கத்து இருபத்திரண்டாம் மிதவையில் இறுக்கிக் கட்டினாள். தோணியிலேயே படகின் முன்பக்கம் திரும்பி வந்தாள். கத்தியை எடுத்தாள். இருபத்துமூன்றாம் மிதவையின் கயிற்றை அறுத்தாள்.

படகு சுழன்று மேல்திசைக்குத் திரும்பியது.

உரசல் நின்றது.

கயிறு அறுந்த மிதவை சும்மா மிதக்கவில்லை. எழுந்தது. நீரை விட்டு மேலே. அதன் கீழே சங்கிலி, கண்ணி கண்ணியாக, விறைத்து நிமிர்ந்து. அவள் இடுப்பளவு. தலையளவு. அதற்கும் மேல்.

தம்பியைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். துடுப்பை ஓங்கினாள்.

"இவன் வரமாட்டான்."

கடைசிக் கண்ணி வெளியே வந்தது. அதை ஒரு சின்னக் கை பிடித்திருந்தது. அந்தக் கையின் மணிக்கட்டை இன்னொரு கை. அதை இன்னொன்று. நீருக்குள் தெரிந்தவரை கைகள்.

மேலே இருந்த கை, சங்கிலியை விட்டது. தம்பியை நோக்கி விரிந்தது.