கண்ணாடிக் கூரையில் விரிசல்

"கண்ணாடிக் கூரை வெடிச்சுப்போச்சு மேடம். அந்த இன்சாப் மட்டமான தகட்டைப் போட்டு என்னை ஏமாத்திட்டான்."

துப்பறியும் ஜெனிற்றாவின் மன்னார்க் கந்தோரில், கத்தரின் கதிரை நுனியில் உட்கார்ந்து படபடத்தாள். தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, பெற்றோரின் ஊருக்குத் திரும்பியவள். அவளுடைய பழைய மொறிஸ் மைனர் காரின் துணிக் கூரையைக் கழற்றிவிட்டு, தெளிந்த அக்ரிலிக் தகட்டை வளைத்துப் பொருத்தியவன் இன்சாப். மன்னார்க் காற்றில் தலை கலையாமல் மணமகள் வானம் பார்த்துக்கொண்டு போகலாம். அந்தக் காரை வாடகைக்கு எடுக்கக் கல்யாண வீடுகள் போட்டிபோட்டன.

"லேசா மங்கலா இருந்துச்சு. எண்ணெய் தொட்டுத் துடைன்னு டிரைவர் டிலோஜன்கிட்ட சொல்லிட்டு கோயிலுக்குப் போனேன். வந்து பார்த்தா வலை மாதிரி விரிசல். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கார் போகணும். இன்னைக்கே போலீஸுக்குப் போறேன்."

உதவியாளன் றொசாந்தன் துள்ளினான். "அக்கா, உப்புக் காத்துத்தான்!"

"அப்ப காத்துக்கு விலங்கு போட்டுக் கொண்டுவா பாப்பம்" என்று ஜெனிற்றா எழுந்தாள்.

கத்தரின் வீட்டில் கார் அருகே இன்சாப் நின்றான். இடப்பெயர்வுக்குப் பிறகு ஊர் திரும்பித் தொடங்கிய பட்டறையில் அதுதான் அவனது முதல் பெரிய வேலை.

"இந்தப் பேரோட இனி எவன் எனக்கு வேலை தருவான்?"

ஜெனிற்றா கூரையைக் குனிந்து பார்த்தாள். "விரிசல் எப்பிடி ஓடுது, றொசான்?"

"வட்டம் வட்டமா. இந்தப் பக்கம் ஒண்டுமில்லை."

"மட்டமான தகடெண்டால் முழுக்க வெடிக்கோணும். உப்புக் காத்தும் ஒரு பக்கம் பாத்து அடிக்காது. இது துணி பிடிச்ச கை ஓடின தடம்."

டிலோஜனைக் கூப்பிட்டாள். "தம்பி, என்னத்தாலை துடைச்சனீங்கள்?"

"கத்தரின் அக்கா சொன்ன எண்ணெயாலைதான்."

"அதைக் கொண்டுவாங்கோ."

குசினிக் கதவு, உள்ளே அடுப்புத் தெரிய, பக்கத்திலேயே திறந்து கிடந்தது. டிலோஜன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. காரின் பின்னாலிருந்து ஒரு கானைத் தூக்கி வந்தான். றொசாந்தன் மூடியைத் திறந்து மூக்கைச் சுளித்தான்.

"பெற்றோல்!"

"ஐயோ! நான் சொன்னது தேங்காய் எண்ணெய்!" கத்தரின் அலறினாள்.

"முகாமிலை எண்ணெய் எண்டால் சட்டிக்கு, தலைக்கு" என்றாள் ஜெனிற்றா. "இஞ்சை கார்க்காரருக்கு எண்ணெய் எண்டால் பெற்றோல் செட்டிலை அடிக்கிறது. அழுக்கெடுக்கவும் அதைத்தான் பாவிக்கிறவை. பெற்றோல் பட்டால் இந்தத் தகடு விரிசல் விடும். கந்தோரிலை நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லேக்கையே, எந்த எண்ணெய் எண்டு யோசிச்சனான்."

இன்சாப் நீண்ட மூச்சு விட்டான். "இன்னொரு தகடு கிடக்கு. கல்யாணத்துக்கு முந்திப் போட்டுத் தாறன்."

கத்தரின் அழுதுவிட்டாள். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல மேடம்."

"எனக்கு வேண்டாம். இவரைக் கள்ளன் எண்டு ஆர் ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"கல்யாண வீட்டுக்கு... இன்னும் நாலஞ்சு பேருக்கு..."

"பழி சொல்ல வாய் கூசேல்லை. நன்றிக்கு மட்டும் சொல் வரேல்லையோ? போனை எடுங்கோ."

கத்தரின் கண்ணைத் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"அக்கா, கத்தரின் பேசுறேன். இன்சாப் அண்ணனைப் பத்தி நான் சொன்னது பொய். தப்பு என்னோடது. அவர் போட்ட கூரை இல்லேன்னா என் காரை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. என் வீட்டுல அடுப்பு எரியுறதே அவராலதான்."

இன்சாப் காரின் மறுபக்கம் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதற்குள் கத்தரின் அடுத்த ஆளுக்கு அழைப்பெடுத்துவிட்டாள்.