சுவரைப் படிக்கிறவன்

முதல் படத்தில் புருஷன் ஆர்விலின் கோட்டு தொங்குவதாகத்தான் டெல்ஃபியா நினைத்தாள். அவள் மேசையருகே உட்கார்ந்து பீன்ஸ் நார் உரிக்கிறாள்; பின்னால் கதவோரமாக, சுவரை ஒட்டிக் கறுப்பாக ஏதோ. ஆனால் அந்த இடத்தில் ஆணியே கிடையாது. நான்கு வருடமாகக் குடியிருக்கிற வீட்டில் ஆணி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாதா?

மலைச்சனங்களின் அன்றாடத்தைப் படம் பிடிக்கிறேன் என்று நகரத்திலிருந்து ஒருவர் வந்து போய்க்கொண்டிருந்தார். வசந்தத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, பத்து நாளைக்கு முன்னால் ஒரு தடவை. சொன்ன சொல் தவறாமல் மூன்று படங்களைத் தபாலில் அனுப்பிவிட்டார். கடைப்பக்கம் போன பக்கத்து வீட்டு ஹெட்டிதான் உறையை வாங்கி வந்திருந்தாள்.

"அடியே, மகாராணி கணக்கா உக்காந்திருக்கியே! பீன்ஸ் உரிக்கிற மகாராணி!"

"சிரிக்காதீங்கக்கா. கதவுகிட்ட இது என்னன்னு பாருங்க."

ஹெட்டி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். "யாரோ ஆம்பளடி. உன் வாய்க்குப் பயந்து ஆர்வில் சுவத்துப் பக்கம் திரும்பி நிக்கிறானோ என்னவோ."

"அவரு அன்னிக்கு சுரங்கத்துல இருந்தாரு."

ஹெட்டியின் சிரிப்பு அப்படியே நின்றது. அடுப்பில் சோள ரொட்டி இருக்கிறதென்று முனகிவிட்டு, கொட்டுகிற மழையிலேயே இறங்கிப் போனாள். அவள் வீட்டில் மத்தியானம் யாரும் ரொட்டி சுடுவதில்லை.

கோடைப் படத்தில் டெல்ஃபியா வெண்ணெய் கடைகிறாள். அந்த ஆள் இப்போது கணப்புக்குப் பக்கத்தில். கழுத்தை நீட்டி, மூக்கு சுவரில் உரச, ஒரு விரலைச் செய்தித்தாள் வரியின் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

இந்த மலையில் சுவர் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டுவது பலகை இடுக்கில் காற்று வராமலிருக்கத்தான். ஆனால் கிழவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். செத்தது வீட்டுக்குள் வந்தால், சுவரில் இருக்கிற எழுத்தை ஒன்றுவிடாமல் படித்து முடித்த பிறகுதான் ஆள்மேல் கைவைக்க முடியுமாம். அதனால் வருடா வருடம் புதுத் தாள் ஒட்டுவார்கள். டெல்ஃபியாவும் ஒட்டியிருப்பாள். இந்த வருடம் புத்தி வேறு மாதிரி போயிற்று. கோடைப் படம் எடுத்துப் போனதும், அடுத்த படத்திலாவது பஞ்சப்பாட்டு வீடாகத் தெரியக் கூடாதென்று தபாலில் ரோஜாப்பூ போட்ட தாள் வரவழைத்து, மூன்று சுவரில் ஒட்டி அழகு பார்த்தாள். தாள் போதாமல் தொட்டிலுக்குப் பின்னாலிருக்கும் சுவர் மட்டும் பழையபடி நின்றது.

ரோஜாவில் படிக்க என்ன இருக்கிறது?

மூன்றாவது படத்தைத் திருப்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. திருப்பினாள். தொட்டிலில் ஓமா, பதினோரு மாதம், பொக்கை வாய்ச் சிரிப்பு. பின்னால் அவன் குந்தியிருந்தான். கீழ் வரிசைக்கு வந்துவிட்டான். இரண்டே தாள் பாக்கி.

அதை எடுத்துப் பத்து நாளாகிவிட்டது.

கூரையில் மழை. ஈரக் கரியின் நாற்றம். அதோடு, இத்தனை நாளும் மழையென்றே அவள் நினைத்திருந்த இன்னொரு சத்தம், தாழ்வாக, நிற்காமல், உதட்டுக்குள் முணுமுணுக்கிற சத்தம், தொட்டிலுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். ஆனால் அது கூடவே வருமே. பாதையில் படிக்க ஓரெழுத்து உண்டா?

காகிதம் தேடினாள். தபால் கடையின் சாமான் பட்டியல் புத்தகம் கோடையிலேயே துடைக்கிற காகிதமாகக் கழிப்பறைக்குப் போய்விட்டது. பைபிள் மாமியார் வீட்டில். தபால் உறையை மாவுப் பசை தடவிச் சுவரில் அறைந்தாள். முணுமுணுப்பு அதன்மேல் ஒரு நொடி நின்றது. பிறகு நகர்ந்தது.

கரி.

வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். அவள் பள்ளிக்கூடம் போனது ஒரே ஒரு குளிர்காலம். பிழையில்லாமல் எழுத வருவது ஒரே சொல், மகளின் பெயர். அதையே எழுதினாள். ரோஜாக்களின் மேல், ஜன்னலுக்கு அடியில், கதவின் மேல். ஓமா. ஓமா. ஓமா. விரல் நகம் கிழிந்தது. நிறுத்தவில்லை. ஒரு சுவர். இரண்டாவது சுவர்.

முணுமுணுப்பு இந்தப் பக்கம் வந்தது. அப்பாடா! ஆர்வில் வருகிறவரைக்கும் படித்துத் தொலையட்டும். அவள் சுவரில் சாய்ந்து அழுதாள்.

அப்போதுதான் அது என்ன படிக்கிறதென்று காதில் விழுந்தது.

"ஓமா."

மெதுவாக. ஆசையாக.

"ஓமா. ஓமா. ஓமா."

தொட்டிலில் குழந்தை கண் விழித்தது. கூப்பிட்ட பக்கம் திரும்பியது. சிரித்தது. விளிம்பைப் பிடித்து எழுந்தது, வழுக்கித் தரையில் இறங்கியது. இதுவரை ஓரடி நடக்காத குழந்தை, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, காற்றில் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தத்தித் தத்தி நடந்தது.

"வேணாண்டி தங்கம்! அம்மாகிட்ட வா!"

டெல்ஃபியா பாய்ந்து மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தூக்கிய கை இறங்கவில்லை. பிஞ்சு விரல்கள் ஒரு தடித்த விரலைச் சுற்றி மூடினாற்போல அந்தரத்தில் வளைந்திருந்தன. அது குழந்தையைத் தொடவில்லை. குழந்தைதான் அதைப் பிடித்திருந்தது.

அவள் இழுத்தாள்.

அந்தப் பக்கமும் இழுத்தது.