பதினாறாவது கோர்

"புது லைப்ரரி போட்டாச்சா, சீதி லுத்ஃபி?"

"போட்டாச்சு. பேரைப் பாரு. நீ கேட்டது அதுதானே?"

"பேர் அதுதான். ஆனா என் கணக்கு முன்ன மாதிரியே நகருது."

"அப்போ நீ எழுதின பைத்தான் ப்ரோக்ராம் லட்சணம் அப்படி. மெஷினைக் குத்தம் சொல்லாதே, பொண்ணே."

"சரி, திருத்திப் பாக்கறேன். இன்னொண்ணு கேக்கணும்..."

"வாயால கேக்குறதெல்லாம் உன் சிநேகிதிங்ககிட்ட வெச்சுக்கோ. எனக்கு எழுதி அனுப்பு."

ஐயா என்பதைப் போல 'சீதி' என்று கூப்பிடும் ஆராய்ச்சி மாணவி ஒல்ஃபாவிடம், கணினி அறைப் பொறுப்பாளன் லுத்ஃபி கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். அவள் எதையும் எழுதி அனுப்பவில்லை. நான்கு மாதம் கழித்து இன்று அது ஏன் நினைவுக்கு வருகிறது என்று அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

திரையில் ப்ராசஸரின் பதினாறு கோர்கள் வரிசையாகத் தெரிந்தன. பதினைந்து சும்மா கிடந்தன. பதினாறாவது மட்டும் முழு மூச்சாக உழைத்துக்கொண்டிருந்தது.

உழைக்கக் கூடாது. நெட்வொர்க் கேபிளை அவனே பிடுங்கியிருந்தான். லினக்ஸ் மெஷினிலிருந்து எல்லாரையும் வெளியேற்றியிருந்தான்.

மேட்ரிக்ஸ் என்னும் எண் அணிகளைப் பெருக்கும் மென்பொருள் லைப்ரரியை, ஏற்கனவே கட்டியதாக இறக்கிப் போட்டுக்கொள்கிறவர்களை லுத்ஃபி மனிதர்களாகவே மதிப்பதில்லை. அது எந்த மெஷினில் ஓட வேண்டுமோ அதிலேயே வைத்துக் கட்ட வேண்டும். கட்டும்போது அது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பெருக்கல்களைப் போட்டுப் பார்த்து, எண்களை எந்த அளவில் துண்டு போட்டால் வேகம் கூடுகிறது என்று தானே அளந்துகொள்ளும். அதற்கு ஆகும் மூன்று மணி நேரமும் மெஷினில் வேறு எதுவும் ஓடக் கூடாது. ஓடினால் அளவெல்லாம் பிசகிவிடும். அதற்காகத்தான் ரமலான் அந்தியைத் தேர்ந்தெடுத்தான். ஸ்ஃபாக்ஸ் நகரமே சாப்பாட்டு மேசையின் முன் காத்திருக்கும் நேரம்.

நாளைக் காலைக்குள் இந்தப் புது லைப்ரரி ஓடாவிட்டால் இந்த அறையின் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். கீபோர்டுக்கும் கூஸ்கூஸ் பானைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். ஆனால் பன்னிரண்டு வருடமாக இந்தச் சாவிதான் லுத்ஃபி. அது இல்லாவிட்டால் அவன் யாருமில்லை.

காவலாளி பஷீர் மாமா கதவில் தலையை நீட்டினார். "வீட்டுக்கு வாயேன்டா. ஷொர்பா சூப் இருக்கு, முட்டை வெச்சுப் பொரிச்ச ப்ரிக் இருக்கு. பொட்டியோடதான் நோன்பு தெறக்கணும்னு எங்கயும் எழுதலை."

"உங்க வீட்டு ப்ரிக்கைத் தின்னுட்டுப் போன வருஷம் மூணு நாள் படுத்தேன், மாமா. ஆளை விடுங்க."

"கொழுப்பு. வெளி கேட்டைப் பூட்டிட்டுப் போறேன். ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்."

படிகளில் அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. நிலவறையில் மின்விசிறிகளின் ஒரே சீரான இரைச்சலும், சூடேறிய தூசியின் நாற்றமும், விளக்கு எட்டாத அலமாரிகளுக்கு நடுவே அடுக்கடுக்காகக் கிடந்த இருட்டும் மட்டும் மிஞ்சின. அந்த இரைச்சலுக்கு அடியில், மெல்ல, இடைவெளி விட்டு, இன்னொரு சத்தம் கேட்டது.

க்டிக்.

சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைக்கிற சத்தம்.

எவனோ மாணவன் ஒளிந்து தின்கிறான். நோன்பு திறக்கும் பீரங்கி முழங்க இன்னும் பத்து நிமிடம்கூடப் பொறுக்காத ஜென்மம். லுத்ஃபி எழுந்து அலமாரிகளுக்கு இடையே ஒவ்வொரு சந்தாகப் பார்த்தான். யாருமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தான். வறுத்த உப்பின் வாசனை அவன் மேசையில்தான் இருந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலைத் திறந்தான். ஒரே ஒரு பைத்தான் வேலை. உரிமையாளர்: ஒல்ஃபா. தொடங்கிய நாள், அவள் சாவதற்கு முந்தின நாள்.

ஆனால் போன வியாழக்கிழமை இந்த மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டவனே அவன்தான்; அணைத்தால் எந்த வேலையும் மிஞ்சாது.

வேலையைக் கொன்றான். வரி மறைந்தது. மூச்சு விட்டான். வரி திரும்பி வந்தது. அதே பெயர். அதே நாள்.

எந்த லைப்ரரியைக் கூப்பிடுகிறது என்று பார்த்தான். அவளுக்காக அவன் வைத்த அதே பெயர். அவள் கேட்ட அன்று அவன் எதையும் கட்டவில்லை. ஒரு பெண்ணின் ஆய்வேட்டுக்காக மூன்று மணி நேரமா? பழைய மந்த லைப்ரரிக்கே புதியதன் பெயரில் ஓர் இணைப்புப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனான். நான்கே நாளில் முடிந்திருக்க வேண்டிய கணக்கு மாதக்கணக்கில் இழுத்தது. அவனை நம்பியவள் தன் எழுத்தில்தான் பிழை என்று இந்த அறையிலேயே உட்கார்ந்து, சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே திருத்தித் திருத்தி எழுதினாள். மூன்று இரவு தூங்காமல், விடியற்காலையில் காபெஸ் ஊருக்குக் கார் ஓட்டிப் போனாள். லாரியின் அடியில் போய்த்தான் கார் நின்றது.

சேதி வந்த அன்றே அந்தப் பொய் இணைப்பை அழித்துவிட்டான். யாருக்கும் தெரியாது.

இப்போது அது இருந்தது. அவன் வைத்த பெயரில். அவன் வைத்த இடத்தில்.

தூரத்தில் பீரங்கி முழங்கியது. அதன் பிறகு தெருவில் ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை.

க்டிக்.

அழித்தான். வந்தது. அழித்தான். வந்தது.

மேசைக்கடியில் குனிந்து மின்கம்பியைப் பிடுங்கினான். இரைச்சல் நிற்கவில்லை. திரை அணையவில்லை. ஒல்ஃபாவின் கணக்கில் முடிந்தது நான்கு சதவீதம் என்றது.

கம்பி அவன் கையில்.

பக்கத்து நாற்காலியின் சக்கரம் உருண்டது. நெருங்கியது. நின்றது.

அவன் தலையைத் திருப்பவில்லை. கீபோர்டை மட்டும் பார்த்தான். அதன் மேல் பத்து விரல்கள் இருந்தன. நகக்கண்களில் கண்ணாடித் துகள்கள் மினுங்கின. ஈரமான ஒரு தோள் அவன் தோளில் சாய்ந்தது.

"அன்னைக்கு நீங்க எழுதச் சொன்னீங்க, சீதி லுத்ஃபி. எழுத வெக்கமா இருந்தது." குரல் சன்னமாக, மரியாதையாகத்தான் இருந்தது. "இந்த ரூம்ல தனியா இருக்க பயமா இருக்கு. இது முடியற வரைக்கும் கூட உக்காந்திருப்பீங்களா?"