படத்தில் காண்க

மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலைமேல் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்து நிழற்குடைக்குள் ஓடி வந்து ஒதுங்கிய கவிப்பிரியா, அங்கே நின்றிருந்தவனைச் சரியாகப் பார்க்கவில்லை. துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, கிளியூர் பஸ் போயிருச்சுங்களா?"

அவன் சட்டென்று திரும்பினான். அழகான கண்கள்... ஆனால் அவை அவள் முகத்துக்கு வராமல், தோளுக்கு மேலே மழையில் எங்கோ நின்றன. கையில் வெள்ளைக் கோல்.

"இன்னொருக்கா பேசுங்க..." என்றான்.

"என்னதுங்க?"

"நீங்களேதான்! எம்.ஏ. பொருளாதாரம், அலகு ஒன்று... ரெண்டு வருசமா என் காதுக்குள்ளேயே குடியிருக்கறீங்க!"

கவிப்பிரியாவுக்கு முகம் சிவந்தது. சேலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் பாடப் பிரிவில், பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்வதுதான் அவள் வேலை. அடைத்த அறையில் மைக்கோடு பேசிப் பேசிச் சலித்தவளிடம், முதல் தடவையாக ஒருவன் 'கேட்டேன்' என்கிறான். மழைகூட அழகாகத்தான் இருந்தது... ஒரு நிமிடத்துக்கு.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? 'படத்தில் காண்க'ன்னு சொல்லிட்டு அடுத்த பக்கம் போயிர்றீங்களே... நான் எங்கீங்க போய்க் காண்பேன்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். இவளுக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

"ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் முடிக்கோணும்ங்க. ஒவ்வொரு படத்துக்கும் கதை சொல்லிட்டு உக்காந்திருந்தா என் வேலைய யாருங்க பாக்கறது? வாசிக்கறதே பெருசு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"சரிதானுங்க. கேள்வியெல்லாம் அந்தப் படத்துல இருந்துதான் வந்துச்சு. ரெண்டு தடவையும் ஃபெயிலு. எஸ்டேட் கூலிக்குப் போற எங்கண்ணன் எத்தனை நாளைக்குத்தான் படிக்க வெப்பாரு? இன்னைக்குத்தான் படிப்பு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வர்றேன்."

செம்மநத்தம் பஸ் வந்து நின்றது. அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "செபாஸ்டினு, பாத்து ஏறு கண்ணு" என்று கண்டக்டர் அவனுக்குக் கை கொடுத்தார். பஸ் மழைக்குள் மறைந்தது.

அன்றிலிருந்து தாண்டிப்போன படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக விளக்கிப் பதிவு செய்ய ஆரம்பித்தாள். பக்கங்கள் குறைந்தன. மேலதிகாரி கூப்பிட்டு எச்சரித்தார். அவள் நிறுத்தவில்லை. மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாளே செம்மநத்தம் பஸ் ஏறினாள். பெயரைச் சொன்னதும் ஊரில் வழி காட்டினார்கள். செபாஸ்டின் வாசலில் உட்கார்ந்து, காயவைத்த காப்பிக் கொட்டையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். இனி அவனுக்கு இதுதான் வேலை.

"ஏனுங்க..."

அந்த ஒரு சொல்லிலேயே அவன் கை நின்றது.

"பாவம் பாத்து வந்தீங்களா? வேண்டாமுங்க. ஊட்டுக்குப் போங்க."

"பாவம் பாத்திருந்தா படத்தையெல்லாம் விளக்கிப் பதிவு பண்ணுன ஃபைலை அனுப்பிட்டுச் சும்மா இருந்திருப்பேனுங்க. பஸ் ஏறி வந்திருக்க மாட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்து உள்ளங்கையில் விரலால் கோடு இழுத்தாள்.

"இதுதான் அந்தப் படத்துல இருக்கற தேவைக் கோடு. விலை உசரத்துல இருக்கறப்ப இங்க தொடங்குது... வலது பக்கம் போகப் போகக் கீழ சாயுது. நம்ம மலையில இருந்து குப்பனூர் ரோடு எறங்குதே, அப்படி."

அவன் மறு கையால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தான்.

"இவ்வளவுதானுங்களா...? இதுக்கா எனக்கு ரெண்டு வருசம் போச்சு?"

கல்லூரியில் அவன் விட்ட இடம் திரும்பக் கிடைக்காது. படிப்பதென்றால் அடுத்த வருடம் முதலிலிருந்து சேர வேண்டும். அவளுக்கும் வேலை இல்லை.

அவன் முகத்தை அவள் பக்கம் திருப்பினான்.

"இப்ப இங்க என்னென்ன இருக்குதுன்னு சொல்லுங்க. எதையும் தாண்டிப் போயிராதீங்க."

"பனி எறங்குது... காப்பிக் கொட்டைய இன்னும் அள்ளலை... ஒருத்தர் கோவமா உக்காந்திருக்கறாரு..."

"அப்புறம்?"

"பக்கத்துல ஒருத்தி உக்காந்து அழறா."

"எதுக்குங்க?"

"தப்புப் பண்ணிட்டதுக்கு... அப்புறம்..."

"தாண்டாதீங்க."

"அவளுக்கு... அவர நொம்பப் புடிச்சுப் போச்சுங்க. அதுக்குந்தான்."

அவன் தன் உள்ளங்கையில் இன்னும் இருந்த அவள் விரலை விடாமல், கையை மெல்ல மூடிக்கொண்டான்.