ஏழு தையல்

வயிற்றுத் தோல் பிளந்தபோது பசு அசையவில்லை. ஆனால் அதன் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

வாவிப் பக்கமிருந்து சேற்று வாடையும் கரையோரக் கண்ணா மரங்களின் அழுகிய இலை மணமும் பின்னேர வெக்கையோடு ஏறிவர, செட்டிபாளையத்துச் சனம் வேலிக்கு வெளியே மூச்சடக்கி நின்றது. கன்று குறுக்கே கிடந்ததால் வயிற்றைக் கீறிய அருமைநாயகம் ஓய்வுபெற்ற மாட்டு டொக்டர். தகப்பனும் அதேதான். ஊரில் ‘டொக்டர் வீடு’ என்றால் அது ஒரு வீடுதான். அந்த வீட்டு மனிதர் சனத்தின் முன் கண்ணாடி போடுவதில்லை. மருந்துப் போத்தலையும் தடவிப் பார்த்தே எடுப்பார்.

“அதுக்கு நோகாதா ஐயா?” மாட்டுக்காரி இராசாத்தி தலைமாட்டில் குந்தியிருந்து கேட்டாள்.

“நித்திரை, பிள்ளை. ஒண்டும் தெரியாது.”

குழாயைக் காதில் மாட்டிப் பசுவின் நெஞ்சில் வைத்தார். நித்திரையில் கிடக்கும் மாட்டின் துடிப்பு அல்ல அது. வெருண்டு ஓடும் மாட்டின் துடிப்பு.

சனத்துக்கு முதுகைக் காட்டி, வெறும் போத்தலைக் கை நீட்டிப் பிடித்து வாசித்தார். மயக்க மருந்து பெட்டியில் அப்படியே இருந்தது. ஏற்றியது தசையைத் தளர்த்தும் மருந்து. நரம்பின் கட்டளையைத் தசைக்குப் போகவிடாது; ஏற்றிய அளவில் மூச்சு மட்டும் தப்பும். அவ்வளவுதான். மூளையைத் தொடாது. மூளை விழித்திருக்கும். கத்தி போகும் ஒவ்வொரு விரற்கடையும் அதற்குத் தெரியும். கதற முடியாது.

பெட்டியில் வெட்டிய இடத்தை மரத்துப்போகச் செய்யும் மருந்தும் இருந்தது. எட்டும் தூரம்.

வேலியோரம் புதிய டொக்டர் சுதாகரன் நின்றான். “போத்தல நான் வாசிக்கட்டா ஐயா?” என்று சற்றுமுன் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன். இப்போது அந்த மருந்தை எடுத்தால் அவனுக்கு விளங்கிவிடும். பொழுதுபடுமுன் ஊருக்கே விளங்கும்.

கை பெட்டிக்குப் போகவில்லை.

கன்றை இழுத்தெடுத்தார். உயிர் இருந்தது.

“பாத்தியாகா! டொக்டர் வீட்டுக் கை!” வேலிக்கு அப்பால் ஒருத்தி கூவினாள். “மாடு ஒருக்கா முனகவுமில்ல!”

உள்ளே தைத்து முடித்தார். இனித் தோல் தையல். ஒன்று. இரண்டு.

பசுவின் காது துடித்தது. மருந்து விடுகிறது.

இராசாத்தி கன்றை அதன் மூக்கடியில் கிடத்தினாள். பசு நக்கவில்லை. கண் மட்டும் மெல்ல உருண்டது. கன்றைத் தாண்டி. இராசாத்தியைத் தாண்டி. அவரிடம் வந்து நின்றது.

ஓரடி விலகினார்.

கண்ணும் வந்தது.

“உங்களத்தான் பாக்குது ஐயா.” இராசாத்தி சிரித்தாள். “நன்றியுள்ள சீவன்.”

இன்னும் ஏழு தையல். பெட்டி திறந்தே கிடந்தது.

கண்ணாடியில்லாமல், தடவித் தடவி, அவர் அடுத்த நூலைக் கோத்தார். இமைக்காமல் அந்தக் கண் பார்த்துக்கொண்டிருந்தது.